ஃபோ புவா

பிரெஞ்சில் ‘ஃபோ’ என்றால் பொய். ‘புவா’ என்றால் மரம். சாதாரணப் பலகையில் உயர்ந்த மரத்தின் ரேகையை வரைந்துகாட்டும் கலைக்கு இது பெயர். வெளிர்நிறப் பூச்சு காய்ந்ததும் அதன்மேல் பழுப்புச் சாயத்தை மெல்லியதாகத் தடவுவார்கள். ஈரம் உலர்வதற்குள் சீப்பாலும் தூரிகையாலும் இழுத்தால் அடிநிறம் வரிவரியாகத் தெரியும். கணுவும் சுழியும் கைத்திறன். கடைசியில் வார்னிஷ். ‘பொய்’ என்பது கடுமையான பெயர்தான். மரத்தை நெடுநாள் உற்றுப் பார்த்தவரால் மட்டுமே இந்த ரேகையை வரைய முடியும். அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகையில் மஹோகனியாகத் தோன்றும் கதவுகள் இவ்வாறு தீட்டப்பட்டவையே. ஓவியர் ஜார்ஜ் பிராக் இளமையில் வீட்டு அலங்காரத் தொழில் பயின்றவர். அந்தச் சீப்பு வேலையைக் கியூபிச ஓவியத்துக்குள் கொண்டுவந்த அவர், 1912-இல் மரரேகை அச்சிட்ட சுவர்த்தாளையே வெட்டிப் படத்தில் ஒட்டினார்.