பார்கோடு வாசிப்பில் இயந்திரக் கற்றல்

மங்கிய, கசங்கிய, சாய்ந்த, பளபளப்பு விழுந்த படங்களில் பார்கோடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும், அதைச் செப்பனிடவும், வாசிக்கவும் நியூரல் நெட்வொர்க்குகளைப் பயிற்றுவித்துப் பயன்படுத்தும் நுட்பம். கடைக் கல்லாவில் பதித்த லேசர் ஸ்கேனருக்கு இதன் தேவை அதிகம் இல்லை. கைப்பேசியும் கிடங்குக் கூரையில் மாட்டிய கேமராவும் பார்கோடு வாசிக்கப் புகுந்த பிறகுதான் இதற்கு வேலை வந்தது.

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ட்ராய் நகரத்து மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பொட்டலம் ஸ்கேன் செய்யப்பட்டது. யூபிசி பார்கோடு ஒரு கடைக் கல்லாவில் விற்பனைக்காக வாசிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அத்தகைய ஸ்கேனர் தன் ஒளியைத் தானே கொண்டுவருகிறது. பொருள் எவ்வளவு தொலைவில் வரும் என்பதும் முன்பே தெரியும். வாசிக்கவில்லை என்றால் கல்லாக்காரர் பொட்டலத்தைத் திருப்பிப் பிடிப்பார். கேமராப் படத்துக்கு இந்த மூன்று வசதியும் கிடையாது.

படம் எங்கே கெடுகிறது

உலகெங்கும் கடைப் பொருள்களில் அச்சாகும் ஈஏஎன்-13 குறியில் மொத்தம் 95 அலகுகள் உண்டு; மிக ஒல்லியான பட்டையின் அகலமே ஓர் அலகு. ஓர் இலக்கத்துக்கு 7 அலகுகள்; அவற்றில் இரண்டு கறுப்புப் பட்டைகள், இரண்டு வெள்ளை இடைவெளிகள். இயல்பான அச்சளவில் ஓர் அலகின் அகலம் 0.33 மில்லிமீட்டர். படத்தில் ஓர் அலகுக்கு இரண்டு பிக்சலாவது கிடைத்தால் பழைய முறை பெரும்பாலும் தடுமாறாது: படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, குறுக்கே ஒரு கோடு ஓட்டி, பட்டைகளின் அகலத்தை அளந்துவிடும். அலகுக்கு ஒரு பிக்சல் என்ற அளவுக்கு வந்துவிட்டால் பட்டையின் விளிம்பு இரண்டு பிக்சல்களுக்கு நடுவே விழுந்து சாம்பல் நிறமாகிவிடுகிறது. அகலத்தை அளக்க விளிம்பே இல்லை.

எல்லாக் கோளாறும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. கை ஆடியதால் வரும் மங்கல், பட்டைகளின் நீளவாக்கில் இருந்தால் தீங்கே இல்லை. குறுக்காக இருந்தால்தான் ஒல்லியான பட்டைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பளபளப்பும் அப்படித்தான். ஈஏஎன் குறியில் ஒரே செய்தி மேலிருந்து கீழ்வரை திரும்பத் திரும்ப இருப்பதால், நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்தாலும் அதற்கு மேலேயோ கீழேயோ ஒரு கோடு ஓட்டி வாசித்துவிடலாம். குவியம் தப்பிய படத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். எந்தக் கோட்டில் ஓட்டினாலும் அதே மங்கல். உருளையான புட்டியில் ஓரத்துப் பட்டைகள் நெருங்கித் தெரியும். அதனால்தான் சிறிய புட்டிகளில் குறியைத் திருப்பி, பட்டைகள் ஏணிப்படிபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும்படி அச்சிடுகிறார்கள். கசங்கிய ஷாம்பு பாக்கெட்டுக்கு இந்த உபாயமும் உதவாது.

1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் உருவாக்கிய க்யூஆர் குறி இந்த வகையில் அதிர்ஷ்டசாலி. ரீட்-சாலமன் பிழைதிருத்தம் அதனுள்ளேயே இருக்கிறது. மிக உயர்ந்த நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் சேதமானாலும் செய்தியை மீட்டுக்கொள்ளும். ஈஏஎன் குறியில் பிழையைத் திருத்தும் ஏற்பாடே இல்லை. கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு, அவ்வளவுதான்.

நெட்வொர்க் புகுந்த இடங்கள்

முதல் முயற்சிகளில் ஒன்று இத்தாலியின் இன்சுப்ரியா பல்கலைக்கழகத்தில் 2010 வாக்கில் நடந்தது. குவியம் தப்பிய படத்தை ஒரு சிறு நியூரல் நெட்வொர்க் கூர்மையாக்கும். பிறகு ஸீப்ரா கிராஸிங் என்ற திறமூல நிரல் அதை வழக்கம்போல் வாசிக்கும். 2017இல் டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தார், பொருள்களை அடையாளம் காணும் யோலோ நெட்வொர்க்கைப் பார்கோடு தேடப் பழக்கினார்கள். குறி எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று சொல்ல இன்னொரு நெட்வொர்க். 2021இல் வீசாட் செயலியின் க்யூஆர் வாசிப்பான் ஓப்பன்சிவி என்ற மென்பொருள் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. அதிலும் இரண்டு நெட்வொர்க்குகள்: ஒன்று குறியின் இடத்தைக் கண்டுபிடிக்கிறது, மற்றது சிறியதாகத் தெரியும் குறியைப் பெரிதாக்கித் தெளிவாக்குகிறது.

மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இடம் தேடுவதும் படத்தைச் சீராக்குவதும் நெட்வொர்க்கின் வேலை. எண்ணைப் படிப்பது விதிகளின்படி எழுதிய பழைய நிரலின் வேலை. பார்கோடு வாசிப்பில் இந்தப் பிரிவினையே பாதுகாப்பானது. படத்திலிருந்து நேரடியாகப் பதின்மூன்று இலக்கங்களையும் சொல்லும் நெட்வொர்க்குகளும் செய்யப்பட்டுள்ளன. அவற்றின் இடர்ப்பாடு அடுத்த பகுதியில்.

பயிற்சிக்கான படங்களைப் பொறுத்தவரை இத்துறைக்கு வாய்த்த வசதி மற்ற துறைகளுக்கு எளிதில் வாய்க்காது. பார்கோடு விதிப்படி வரையப்படுவது. ஏதோ ஓர் எண்ணைக் கணினியே தேர்ந்து, குறியை வரைந்து, வளைத்து, மங்கவைத்து, நிழல் போட்டு இலட்சக்கணக்கில் படங்களை உண்டாக்கலாம். சரியான விடை ஏற்கெனவே கையில் இருப்பதால் ஒவ்வொரு படத்தையும் பார்த்துக் குறித்துவைக்க ஆள் வேண்டாம். இதற்கு எதிரே, ஜெர்மனியின் முன்ஸ்டர் பல்கலைக்கழகம் கைப்பேசியில் எடுத்துத் திரட்டிய புகழ்பெற்ற தொகுப்பில் இருப்பவை ஆயிரத்துச் சொச்சம் படங்களே. ஆனாலும் அந்த ஆயிரம் இல்லாமல் முடியாது. ஞெகிழித் தாளின் உண்மையான பளபளப்பைக் கணினியில் வரைவது கடினம். செயற்கைப் படத்தில் மட்டும் பழகிய நெட்வொர்க் கடையில் திணறும்.

ஊகமும் சான்றும்

முகத்தையோ மரத்தையோ தெளிவாக்கும் நெட்வொர்க் ஓரிரு இலைகளைக் கூடுதலாக வரைந்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. பார்கோட்டில் ஒரு பட்டை ஓர் அலகு தடித்தால் இலக்கம் மாறுகிறது, பொருள் மாறுகிறது. மங்கிய இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று நெட்வொர்க் தன் பழக்கத்தைக் கொண்டு நிரப்புகிறது. இந்தியாவில் வழங்கப்படும் எண்கள் 890 என்றும் இலங்கையில் வழங்கப்படுபவை 479 என்றும் தொடங்கும். இந்தியக் கடைப் படங்களில் மட்டும் பழகிய நெட்வொர்க், முதல் இலக்கங்கள் தெரியாத இடத்தில் 890 என்றே சொல்லப் பார்க்கும். ஆகவே பயிற்சிக்கு வரையும் எண்கள் எந்தச் சாய்வும் இல்லாமல் கலந்திருக்க வேண்டும்.

சரிபார்ப்பு இலக்கம் காப்பாற்றாதா? இலக்கங்களை மாறிமாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டி 10ஆல் வகுத்துப் பெறும் அந்தச் சோதனை, ஒற்றை இலக்கப் பிழையைத் தவறாமல் பிடிக்கும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும். 1, 6 போல 5 வேறுபாடுள்ள இணை மட்டும் தப்பிவிடும். பல இலக்கங்கள் கண்டபடி தவறினால் பத்தில் ஒன்று தேறிவிடும். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஐயத்துக்குரிய பல விடைகளில் சோதனைக்குப் பொருந்துவதை மென்பொருள் தேர்ந்தெடுத்தால், சரிபார்ப்பு இலக்கம் அந்தத் தேர்விலேயே செலவாகிவிட்டது. அதையே மறுபடி சான்றாகக் காட்ட முடியாது. செயல்முறையில் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மாற்றுச் சான்றுகள் உண்டு. வீடியோவின் பல சட்டகங்களில் ஒரே எண் வருகிறதா என்று பார்க்கலாம். அந்த எண்ணுக்குப் பொருள் பட்டியலில் பதிவு இருக்கிறதா என்று தேடலாம். டீக்கடைச் சுவரில் ஒட்டிய யூபிஐ குறியை வாசித்ததும் பெறுநர் பெயர் திரையில் வருவதும் ஒரு சரிபார்ப்பே. அங்கே சான்று பார்ப்பவர் மனிதர். மருத்துவமனையில் மருந்தையோ நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையையோ வாசிக்கும்போது, 'வாசிக்க முடியவில்லை' என்று சொல்லத் தெரிந்த கருவியே நல்ல கருவி.

பயன்பாடு

பார்வையற்றோருக்கான மைக்ரோசாஃப்ட்டின் சீயிங் ஏஐ செயலி, பார்கோடு இருக்கும் இடத்தை நோக்கிக் கை நகர நகர ஒலி எழுப்பி வழிகாட்டுகிறது. குறியைக் கண்ணால் பார்த்துக் கேமராவை வைக்க முடியாதவருக்கு இடம் தேடும் பணியே முதன்மையானது. கிடங்குகளில் நிலைமை வேறு: நகரும் பெட்டிகள், ஒரே படத்தில் பத்திருபது குறிகள், தொலைவு.

தெளிவான படத்தில் இன்றும் பழைய முறைதான் வேகமானது, மின்கலத்தையும் குறைவாகவே செலவழிக்கிறது. அதை முதலில் ஓடவிட்டு, தோற்றால் மட்டும் நெட்வொர்க்கை அழைப்பதே சிக்கனமான அமைப்பு. அலகுக்கு ஒரு பிக்சலுக்கும் வெகுவாகக் கீழே இறங்கிய ஒற்றைப் படத்திலிருந்து எண்ணை எடுத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருளை, வேறு சான்று இல்லாமல் நம்பக் கூடாது.