பதின்மூன்று டன்னுக்குள் ஒரு டாங்கி

1969 ஆகஸ்ட் 9ஆம் தேதி பாடாங் திடலில் நடந்த தேசிய தின அணிவகுப்பில், சிங்கப்பூர் மக்கள் முதன்முதலாகத் தங்கள் சொந்த டாங்கிகளைப் பார்த்தார்கள். மொத்தம் 18 வண்டிகள். பெயர் ஏஎம்எக்ஸ்-13. பிரான்சில் பிறந்து, இஸ்ரேலில் போர் பார்த்து, பழுதுபார்க்கப்பட்டு, இரண்டாம் கை விலைக்கு இங்கே வந்து சேர்ந்தவை. அன்று மலேசியாவிடம்கூட டாங்கி கிடையாது. பிரிட்டிஷார் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சின்னத் தீவின் சாலையில் இரும்புச் சங்கிலிப் பட்டைகள் உருண்ட சத்தம் ஊருக்கும் அயலுக்கும் சொன்ன செய்தியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த வண்டி ஏன் அந்த வடிவத்தில் இருந்தது என்பதுதான் எனக்கு எப்போதும் பெரிய விஷயமாகப் பட்டிருக்கிறது.

இலகு டாங்கி என்ற எண்ணமே பிரெஞ்சுக்காரர்களுக்கு உரியது என்று சொன்னால் மிகையில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டன் 1916இல் களமிறக்கிய டாங்கி 28 டன் எடையும் எட்டுப் பேர் குழுவும் கொண்ட நகரும் இரும்புக் கொட்டகை. பிரெஞ்சுக் கவசப் படையின் தந்தை எனப்படும் எஸ்தியேன், அதற்கு நேர்மாறாக யோசித்தார்: சின்னதாக, மலிவாக, ஆயிரக்கணக்கில். கார் தொழிலதிபர் லூயி ரெனோ அந்த வேலையைக் கையில் எடுக்க, அவருடைய வரைவாளர் ரோதோல்ஃப் எர்ன்ஸ்ட்-மெட்ஸ்மையர் வடிவம் கொடுத்தார். அதுதான் ரெனோ எஃப்டி. எடை ஆறரை டன், உள்ளே இரண்டே பேர். முன்னால் ஓட்டுநர், பின்னால் எஞ்சின், நடுவில் முழு வட்டமாகச் சுழலும் கோபுரம். இன்று உலகின் பெரும்பாலான டாங்கிகள் இந்த வரிசையில்தான் அமைகின்றன. வானொலி கிடையாது, எஞ்சின் இரைச்சலில் பேச்சும் கேட்காது. அதனால் கோபுரத்தில் நின்ற தலைவர் முன்னால் அமர்ந்த ஓட்டுநரின் முதுகில் காலால் உதைத்துத்தான் 'போ', 'நில்', 'திரும்பு' என்று கட்டளையிட்டார். 1918 மே 31ஆம் தேதி ரெட்ஸ் காட்டுப் பகுதியில் இது முதல் சண்டையைப் பார்த்தது.

அந்தப் பரம்பரையில் வந்ததுதான் ஏஎம்எக்ஸ்-13. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டே, பாரிசை ஒட்டிய இஸ்ஸி-லெ-மூலினோ ஆயுதப் பட்டறையில் வடிவமைப்பு தொடங்கியது. பெயரின் முதல் மூன்று எழுத்துகள் அந்தப் பட்டறையைக் குறிப்பவை. 13 என்பது டன் கணக்கு. வான்குடைப் படையினர் குதித்து இறங்கும் இடத்துக்கே விமானத்தில் டாங்கியையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான் கேட்கப்பட்டது. ஆகவே எடைதான் எசமானன். மற்ற எல்லாம் அந்த 13 டன்னுக்குக் கட்டுப்பட்டே நடந்தாக வேண்டும்.

சிக்கலின் கனம் இங்கேதான் இருக்கிறது. எதிரியின் டாங்கியை உடைக்க நீண்ட குழல் கொண்ட பீரங்கி வேண்டும். போரில் ஜெர்மானியரின் பாந்தர் டாங்கியை எதிர்கொண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு அதன் 75 மில்லிமீட்டர் பீரங்கியின் வலு நன்றாகத் தெரியும். கைப்பற்றிய பாந்தர்களைப் போருக்குப் பின் தாங்களே வைத்து ஓட்டியவர்கள் அவர்கள். அதே பீரங்கியின் வழியில் தங்கள் 75 மில்லிமீட்டர் பீரங்கியை உருவாக்கினார்கள். பாந்தரோ சுமார் 45 டன். அதன் பல்லைப் பிடுங்கி 13 டன் வண்டியின் வாயில் பொருத்துவது எப்படி?

ஆளைக் குறைத்தார்கள். சாதாரண டாங்கியின் கோபுரத்தில் மூவர் இருப்பார்கள்: தலைவர், குறிபார்த்துச் சுடுபவர், குண்டு எடுத்துப் போடுபவர். குண்டு போடுபவர் நின்று, குனிந்து, கையை வீசி வேலை செய்ய இடம் வேண்டும். அவருக்காகக் கோபுரம் அகலும். கோபுரம் அகன்றால் உடல் அகலும், உடல் அகன்றால் அதைச் சுற்றிய கவசத் தகடும் கூடும். அவரை நீக்கிவிட்டால் இந்தச் சங்கிலி முழுவதும் சுருங்கும். குண்டு போடும் வேலையைப் பொறியிடம் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். அதிலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பீரங்கி மேலும் கீழும் அசையும்போது அதன் பின்வாயும் எதிர்த்திசையில் அசைந்துகொண்டே இருக்கும். அசையும் வாய்க்குள் பொறி எப்படிச் சரியாகக் குண்டை ஊட்டும்?

விடை, ஃபீவ்-லீல் நிறுவனத்தின் எஃப்எல்-10 கோபுரம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கோபுரத்தைக் குறுக்காக இரண்டாக வெட்டிவிட்டார்கள். கீழ்ப்பாதி வண்டியின் உடல்மேல் இடமும் வலமும் சுழலும். மேல்பாதி அதன்மேல் இரண்டு அச்சுகளில் தாங்கி நின்று, தலையைப் போல மேலும் கீழும் ஆடும். பீரங்கி மேல்பாதியோடு இறுகப் பொருத்தப்பட்டிருக்கும், தனியாக அசையவே அசையாது. குறி உயர வேண்டுமானால் கோபுரத்தின் தலை முழுவதுமே நிமிரும். குண்டுகளும் அதே தலைக்குள் பீரங்கிக்குப் பின்னால் இருப்பதால், பீரங்கி எந்தக் கோணத்தில் இருந்தாலும் குண்டுக்கும் பின்வாய்க்கும் உள்ள தூரமும் நேர்கோடும் மாறுவதில்லை. இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்றாக இரண்டு உருளைகள். ஒவ்வொன்றிலும் ஆறு குண்டுகள். ஒரு குண்டு வெடித்துப் பீரங்கி பின்னுக்கு உதைக்கும் விசையே அடுத்த குண்டை ஏற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும். வெற்றுத் தோட்டா கோபுரத்தின் பின்புறத் திறப்பு வழியே வெளியே போய் விழும்.

நான் படித்த பொறியியல் தீர்வுகளில் இவ்வளவு நேர்த்தியானவை குறைவு. ஒரே வெட்டில் ஓர் ஆளின் இடமும் பல டன் எடையும் மிச்சம்.

அதற்கான விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு உருளைகளும் காலியானால், பன்னிரண்டு குண்டுகளோடு கதை முடிந்தது. மறுபடி நிரப்பச் சண்டையிலிருந்து பின்வாங்கி, மூடியைத் திறந்து வெளியே வந்து கையால் அடுக்க வேண்டும். இரண்டு பாதிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மடிப்புத் திரையால் மூடினார்கள். நச்சுப் புகையை அது தடுக்காது. கவசமோ கனரக இயந்திரத் துப்பாக்கியைத் தாங்கும், டாங்கிக் குண்டைத் தாங்காது. உட்புறம் இன்னும் மோசம். எஞ்சின் முன்பக்கம் வலப்புறத்தில், 250 குதிரைத்திறன் கொண்ட எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அதன் பக்கத்திலேயே இடப்புறம் ஓட்டுநர். உயரம் குறைந்தவர்களைத்தான் இந்த வண்டிக்குத் தேர்ந்தெடுப்பார்கள். வண்டியின் அகலமே சுமார் இரண்டரை மீட்டர்தான். நம் வெயிலில், மூடியை மூடிக்கொண்டு, சூடான எஞ்சினைத் தோளருகே வைத்துக்கொண்டு கியர் மாற்றி ஓட்டிய பையன்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

1952இல் ரோவான் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. போருக்குத் தயாரான நிலையில் எடை 13ஐத் தாண்டிப் 15 டன்னைத் தொட்டது. பிரான்சிடம் அப்போது இதைத் தூக்கிப் பறக்கும் விமானமும் இல்லை. எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையைப் பிரான்சில் அது செய்யவில்லை. அந்தக் கனவை நிறைவேற்றியது இந்தியா. 1962 அக்டோபரில் சீனப் படைகள் லடாக்கில் நெருக்கியபோது, இந்திய விமானப்படை தன் சோவியத் ஆன்டனோவ்-12 விமானங்களில் 20ஆம் லான்சர்ஸ் பிரிவின் ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளை ஏற்றி, 4,000 மீட்டருக்கு மேல் உள்ள சுஷூலில் இறக்கியது. அந்த உயரத்துக்குச் சாலை வழியே டாங்கி கொண்டுபோவதை அன்று யாரும் யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பாரிஸ் பட்டறையில் எடைக்காகப் பட்ட பாடு வீண்போகவில்லை என்று அந்த இமயமலைப் பள்ளத்தாக்கு காட்டியது.

இனி நம் ஊர்ப் பக்கம். 1965இல் தனிநாடான சிங்கப்பூரிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பிரிவுகள். 1967இல் தேசிய சேவை வந்தது. 1968 ஜனவரியில் பிரிட்டன், தன் படைகளை 1971க்குள் திரும்ப அழைத்துக்கொள்வதாக அறிவித்தது. அந்தச் செய்தி தீவின் வடக்கே எங்கள் ஈசூன் பக்கத்தில் விழுந்த இடியாகவே இருந்திருக்கும். பிரிட்டிஷாரின் செம்பவாங் கடற்படைத் தளம்தான் இந்த வடபகுதித் தமிழர், மலையாளிக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது. அதே ஜனவரி மாதம்தான் இஸ்ரேலிடமிருந்து ஏஎம்எக்ஸ்-13 வாங்குவதென்று முடிவானது. 1967 போரில் சோவியத் டாங்கிகளின் முன்கவசத்தைத் துளைக்கத் திணறியதால் இஸ்ரேல் இவற்றைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தது, விலையும் தணிந்திருந்தது. பயிற்சி தர வந்த இஸ்ரேலியர்களை வெளியே தெரியாமலிருக்க 'மெக்சிகர்கள்' என்று அழைத்ததை லீ குவான் இயூ தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். 1969 ஜூனில் 30 வண்டிகள், செப்டம்பரில் 42. மொத்தம் 72.

ஒரு நாடு வேண்டாமென்று தள்ளியதை இன்னொரு நாடு வாங்குவது ஏமாளித்தனம் அல்லவா என்று கேட்கலாம். இல்லை என்பதே என் கருத்து. எதிரே டாங்கியே இல்லாத இடத்தில், டாங்கியின் முன்கவசத்தைத் துளைக்காத பீரங்கி ஒரு குறையாகாது. நிலத்தையும் பாருங்கள். அன்று ஈசூன் என்ற புதுநகர் கிடையாது. ரப்பருக்கும் அன்னாசிக்கும் பேர்போன லிம் நீ சூனின் பெயர் தாங்கிய நீ சூன் கிராமமும், அதைச் சுற்றித் தோட்டங்களும், குறுகிய சாலைகளும்தான். தீவின் பெரும்பகுதியும் ஜொகூரும் அப்படியே. ஐம்பது டன் வண்டி அங்கே சேற்றில் புதையும், சின்னப் பாலத்தை நொறுக்கும். இரண்டரை மீட்டர் அகல வண்டியோ ரப்பர் மர வரிசைகளுக்கு நடுவே நுழைந்து வரும். மலாயாக் காட்டில் டாங்கி ஓடாது என்று பிரிட்டிஷ் தளபதிகள் நம்பியிருந்ததன் பலனை 1942 ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ஆற்றங்கரையில் 11ஆம் இந்திய டிவிஷன் அனுபவித்தது. ஜப்பானியரின் சிறு டாங்கிகள் ஒரே காலைப்பொழுதில் பாதுகாப்பு வரிசையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டன. அந்த வரலாறு தெரிந்தவர்கள் இலகு டாங்கியை இளப்பமாக நினைக்க முடியாது.

வாங்கியதோடு கதை முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வண்டி இங்கே இரண்டாவது முறை பிறந்தது. 1980களில் பெட்ரோல் எஞ்சின்களுக்கு வயதாகிவிட்டது. புது டாங்கி வாங்கக் காசும் அதிகம், பாலங்களும் இடம் தராது. சிங்கப்பூர் ஆட்டோமோட்டிவ் எஞ்சினியரிங் நிறுவனத்தின் பொறியாளர்கள் வண்டியைப் பிரித்துப்போட்டுவிட்டு உடலையும் 75 மில்லிமீட்டர் பீரங்கியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை யோசிக்கத் தொடங்கினார்கள். பெட்ரோல் எஞ்சின் போய் டெட்ராய்ட் டீசல் 6வி-53டி வந்தது. தீப்பிடிக்கும் அபாயம் குறைந்தது, ஒரே நிரப்பில் ஓடும் தூரம் கூடியது. படையிலிருந்த எம்113 கவச வாகனங்களின் எஞ்சினும் அதே குடும்பம் என்பதால் மெக்கானிக்குகளுக்கும் உதிரிப் பாகக் கிடங்குக்கும் நிம்மதி. கையால் மாற்றும் கியருக்குப் பதில் தானியங்கி கியர். பழைய முறுக்குத் தண்டுத் தாங்கிகள் இருந்த இடத்தில் எண்ணெயும் வாயுவும் அடைத்த தாங்கிகள். தூரம் அளக்க லேசர், இரவில் பார்க்கத் தனிக் கருவி. 1988இல் 'சிங்கப்பூரில் நவீனமாக்கப்பட்டது, ஒன்று' என்ற பொருளில் எஸ்எம்1 என்ற பெயரோடு அது வெளியே வந்தது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ வரைந்த, எல்லாம் நெருக்கி அடைத்த உடலுக்குள் புதிய எஞ்சினையும் அதைக் குளிர்விக்கும் அமைப்பையும் நுழைப்பது, வெற்றுத் தாளில் புதிதாக வரைவதைவிடக் கடினம். ஒரு குழாயை நகர்த்தினால் ஓட்டுநரின் முழங்கால் இடிக்கும். அந்தக் கடினத்தில் தேறிய தொழில்தான் பின்னர் 1990களில் சிங்கப்பூரே வடிவமைத்த பயோனிக்ஸ் கவச வாகனத்தைச் செய்ய முடிந்ததற்கு அடித்தளம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2000களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் லெப்பர்ட் 2 டாங்கிகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் 55 டன்னுக்கு மேல், நான்கு ஏஎம்எக்ஸ்-13 எடை. பழையவை ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. நாற்பதாண்டுச் சேவை, அந்த அளவு வண்டிக்கு நீண்ட ஆயுள்.

இந்த வண்டியின் எடை, வேகம், கவசத்தின் தடிமன் எல்லாம் எந்த ஆயுத நூலிலும் கிடைக்கும். அந்த வெக்கையில் அமர்ந்து ஓட்டியவர்களின், பட்டறையில் கையில் எண்ணெய்க்கறையோடு எஞ்சினை இறக்கி ஏற்றியவர்களின் அனுபவம் தமிழில் படிக்க அரிதாகவே கிடைக்கிறது. தேசிய சேவையில் கவசப் படையில் இருந்த அப்பாக்களும் மாமாக்களும் ஈசூன் புளோக்குகளில் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதி வையுங்கள்.