கேட்டவர் யார்?

பிப்ரவரி 13, உலக வானொலி நாள். 1946-ஆம் ஆண்டு இதே நாளில் ஐக்கிய நாடுகள் அவை தன் வானொலியைத் தொடங்கியது. அதன் நினைவாக யுனெஸ்கோ 2011-இல் இந்நாளை அறிவித்தது. அன்று காலை என் வகுப்பின் கரும்பலகையில் ஒலிபரப்பு வரலாற்றின் நினைவு நாட்களை வரிசையாக எழுதி வைத்தேன்.

1901 டிசம்பர் 12: அட்லாண்டிக் கடலைக் கடந்தது மார்க்கோனியின் தந்திக்குறி. 1906 டிசம்பர் 24: உலகின் முதல் வானொலி நிகழ்ச்சி. 1920 நவம்பர் 2: பிட்ஸ்பர்க் நகரத்துக் கே.டி.கே.ஏ. நிலையம் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவை முழங்கிய இரவு. 1922 நவம்பர் 14: லண்டனில் பி.பி.சி. பேசத் தொடங்கிய நாள். 1936 நவம்பர் 2: அதே பி.பி.சி. அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து தொலைக்காட்சியைத் தொடங்கிய நாள்.

இவற்றுள் இரண்டாவது நாளின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆகவே அதைச் சுவைபடக் கூறினேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராண்ட் ராக் என்னும் கடற்கரைச் சிற்றூர். கிறித்துமசுக்கு முந்திய இரவு. நடுக்கடலில் கப்பல்கள். தந்தி அறையிலே காதுக்குழலைப் பொருத்தி அமர்ந்திருக்கிறார்கள் பணியாளர்கள். கட்கட எனும் தந்தி ஓசையன்றி வேறெதுவும் கேட்டறியாத அந்தக் காதுகளில் திடீரென ஒரு மனிதக் குரல்! அடுத்து இசைத்தட்டின் இன்னிசை! அதன்பின் பிடில்! பாட்டு! விவிலிய வாசகம்! வாசித்தவரும் பாடியவரும் ஒருவரே. அவர்தாம் கனடா நாட்டில் பிறந்த ரெஜினால்ட் ஃபெசண்டன்.

வகுப்பு மெய்ம்மறந்து கேட்டது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா, அதைக் கேட்டவர் யார்?"

"கப்பலில் இருந்தவர்கள், தம்பி."

"எந்தக் கப்பல், ஐயா? அவர்களில் யாராவது எழுதி வைத்தார்களா?"

விடை தெரியவில்லை எனக்கு. தெரியாது என்று சொல்ல நாணமும் விடவில்லை. "நாளை சொல்கிறேன்" என்று தப்பித்தேன். பகுத்தறிவைப் பற்றி மேடையில் மணிக்கணக்கில் பேசிய வாய், பதின்மூன்று வயதுச் சிறுவனின் ஒரு கேள்விக்கு அடைத்துப் போயிற்று! அன்று மாலையே ஏடுகளைத் தேடிப் புறப்பட்டேன்.

தேடியதில் கிடைத்தது இது. அந்தப் பிடில் இரவைப் பற்றிய முதல் செய்தி 1906-இல் எழுதப்பட்டதன்று. 1932 சனவரித் திங்களில், தாம் மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, தம் பழைய கூட்டாளி கிண்ட்னருக்கு ஃபெசண்டன் எழுதிய கடிதத்தில் உள்ள செய்தி அது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, சாதனை செய்தவரே தம் சாதனையைப் பற்றிக் கூறிய சொல்! 1940-இல் அவர் மனைவி எழுதிய வாழ்க்கை வரலாறு அதை ஊரெங்கும் பரப்பிற்று. நூற்றாண்டு வந்த 2006-இல் ஜேம்ஸ் ஓ நீல் என்னும் ஆராய்ச்சியாளர் அக்காலக் கப்பல்களின் நாட்குறிப்புகளைப் புரட்டினார். அந்த இரவின் அதிசயத்தைக் கேட்டோம் என்று ஒரு வரி கூட அவருக்குக் கிட்டவில்லை. சான்று கிட்டாததனாலேயே நிகழ்ச்சி நடக்கவில்லை என்று முடிவு கட்டலாகாது என வேறு சிலர் வாதிட்டனர். அந்த வாதமும் நேர்மையானதே. ஆனால் "நடந்திருக்கலாம்" என்பது வேறு. "நடந்தது" என்று கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்வது வேறு அன்றோ?

அப்படியானால் ஃபெசண்டன் பொய்யரா? அவசரப்படாதீர்கள் தோழர்களே! இங்குதான் வரலாறு நமக்கு ஒரு விந்தையைக் காட்டுகிறது.

மார்க்கோனியின் கருவி மின்பொறியால் அலையை எழுப்பியது. பறையை ஓங்கி அடித்தால் ஒலி எழும். எழுந்த வேகத்திலேயே தேய்ந்து மறையும். அத்தகைய விட்டுவிட்டு எழும் அலை அது. புள்ளியும் கோடுமாய்ச் செல்லும் தந்திக்கு அது போதும். மனிதக் குரலுக்குப் போதாது. நாயனத்தின் ஒலிபோல் அறாது நீளும் அலை வேண்டும். அந்த அலையின் மேல் குரலை ஏற்றவேண்டும் என்றார் ஃபெசண்டன். 1900 டிசம்பர் 23 அன்று போட்டோமாக் ஆற்றிலுள்ள காப் தீவில் ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்குத் தம் குரலை அனுப்பினார். அங்கே பனி பெய்கிறதா என்பதே அவர் தம் உதவியாளரைக் கேட்ட கேள்வி. இரைச்சலுக்கிடையே அது சென்று சேர்ந்தது.

அறாத அலையை எழுப்ப, நொடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம் தேவை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய சுவீடன் நாட்டு அலெக்சாண்டர்சன் அதற்கான எந்திரத்தைச் செய்து தந்தார். அதைக் கொண்டு 1906 டிசம்பர் 21 அன்று, அதாவது கதையில் வரும் இரவுக்கு மூன்றே நாள் முன்பு, பிராண்ட் ராக்கிலிருந்து ஏறத்தாழ 11 மைல் தொலைவிலுள்ள பிளிமத் ஊருக்குக் கம்பியின்றிப் பேசிக் காட்டினார் ஃபெசண்டன். அழைக்கப்பட்ட தொழில் வல்லுநர்கள் வந்திருந்தனர்; காதாரக் கேட்டனர். 1907-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தொலைபேசித் தொழிலுக்குரிய இதழில் அது அச்சேறியது.

பார்த்தீர்களா விந்தையை! சாட்சி இருக்கிறது, ஏடு இருக்கிறது, எந்திரம் இருக்கிறது. அந்த 21-ஆம் நாளுக்கு விழா இல்லை! பிடிலும் பாட்டும் புனித இரவும் கலந்த 24-ஆம் நாளுக்கு மாலை, மரியாதை, நூற்றாண்டு விழா! ஆய்வுக்கூடத்தில் வியர்வை சிந்தியவனின் உழைப்பை விட, அவன் தலையைச் சுற்றி வரைந்த ஒளிவட்டமே உலகுக்கு இனிக்கிறது. புராணம் பழங்காலத்தில் மட்டுமா பிறக்கிறது? மின்சாரம் வந்த பின்னும் பிறக்கிறது!

சான்று கிட்டாத நாள் இது. மிகைப்படுத்தப்பட்ட நாள் ஒன்றும் உண்டு. 1938 அக்டோபர் 30 இரவு, எச்.ஜி. வெல்சின் கதையொன்றை அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் நாடகமாக்கினார் 23 வயது இளைஞர் ஆர்சன் வெல்சு. செவ்வாய்க் கோளிலிருந்து பகைவர் நியூ செர்சியில் இறங்கிவிட்டனர் என்று செய்தி அறிக்கை போலவே நாடகம் நடந்தது. நாடே நடுங்கியது, தெருவெல்லாம் ஓட்டம் என்று மறுநாள் நாளேடுகள் கொட்டை எழுத்தில் கூவின. இன்றளவும் ஆண்டுதோறும் அதே கதை! ஆனால் அன்றிரவே ஹூப்பர் நிறுவனம் தொலைபேசி வழியே ஐயாயிரம் வீடுகளை விசாரித்திருந்தது. அந்த நாடகத்தைக் கேட்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு இருவர். அஞ்சியவர் சிலர் இருந்தது உண்மை. நாடே நடுங்கியது உண்மையன்று. பின் ஏன் கூவின ஏடுகள்? விளம்பர வருவாயை வானொலி தட்டிப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. வானொலி பொறுப்பற்றது என்று காட்டுவதில் ஏடுகளுக்கு ஆதாயம் இருந்தது. செய்தியைக் கேட்டால் மட்டும் போதாது. சொல்பவனுக்கு அதனால் என்ன ஆதாயம் என்றும் கேட்கவேண்டும்!

விழா எடுக்காமல் விடப்படும் நாட்களும் உண்டு. இந்தியாவில் சூலை 23-ஐத் தேசிய ஒலிபரப்பு நாள் என்கிறார்கள். 1927-இல் அந்நாளில் பம்பாயில் இந்திய ஒலிபரப்பு நிறுவனத்தின் நிலையத்தை வைசிராய் இர்வின் திறந்து வைத்தார். அதற்கு முன் வானம் ஊமையாகவா இருந்தது? 1923-லேயே பம்பாயிலும் கல்கத்தாவிலும் வானொலிக் கழகங்கள் ஒலிபரப்பின. 1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் பிறந்தது. அவ்வாண்டு சூலை 31 அன்று ஒலிபரப்பத் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் அது மூடப்பட்டது. கருவி மாநகராட்சிக்கு வந்தது. 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. 1938 சூன் 16 அன்றுதான் அகில இந்திய வானொலி நிலையம் சென்னையில் வந்தது. வைசிராய் வந்த நாள் விழா நாளாயிற்று. ஆர்வலர் கைக்காசு போட்டு உழைத்த நாள் அடிக்குறிப்பாயிற்று. எந்த நாளை நினைப்பது என்று தேர்ந்தெடுப்பதும் ஒரு தீர்ப்புத்தான்.

இத்தனையும் எதற்கு? ஒரு நாள் முன்பின் ஆனால் குடியா முழுகிவிடும் என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடை 1939 ஆகஸ்ட் 31.

செருமனியின் கிளைவிட்ஸ் நகரில், போலந்து எல்லைக்கருகே, மரத்தாலான உயர்ந்த வானொலிக் கோபுரம் ஒன்று நின்றது. அன்றிரவு சிலர் அந்த நிலையத்தில் புகுந்தனர், போலந்து மொழியில் சுருக்கமாக ஓர் அறிவிப்பைச் செய்தனர், மறைந்தனர். அங்கே ஓர் உடல் கிடந்தது. போலந்துக்காரர் நம் நிலையத்தைத் தாக்கினர், இதோ சான்று என்று செருமன் வானொலி அலறியது. விடிந்ததும் இட்லரின் படை போலந்தில் புகுந்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டது.

புகுந்தவர் யார்? இட்லரின் எஸ்.எஸ். ஆட்களே! கிடந்த உடல் யாருடையது? பிரான்சிசெக் ஹோனியோக் என்பவருடையது. போலந்தின்பால் பற்றுடையவர் எனப் பெயர்பெற்ற அவரை முந்திய நாள் பிடித்து, மயக்கி, சான்றுப் பொருளாக்கிச் சுட்டுப் போட்டார்கள். தலைமை தாங்கிய நவ்யோக்சே 1945-இல் நூரம்பர்க்கில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தால் இது உலகறிய வெளிவந்தது. போருக்கு முன் அல்ல. கோடிக்கணக்கான மக்கள் மடிந்த பின்! அந்த மரக் கோபுரம் இன்று போலந்து மண்ணில், கிளிவிட்சே என்னும் பெயர் பூண்ட அதே நகரில், இன்னும் நிற்கிறது.

தோழர்களே! பிடில் வாசித்த கதையும் கிளைவிட்ஸ் சதியும் ஒன்றல்ல. ஒன்று முதியவரின் நினைவு, மற்றொன்று கொலைகாரரின் சூழ்ச்சி. ஆனால் இரண்டின் எதிரிலும் நாம் எழுப்பவேண்டிய கேள்வி ஒன்றே. கேட்டவர் யார்? கண்டவர் யார்? எழுதியது எப்போது? இனிக்கும் கதையிடம் இக்கேள்வியைக் கேட்டுப் பழகாத நாக்கு, கொல்லும் பொய்யிடமும் அதைக் கேட்காது. கல்லின் முன் கைகட்டி நிற்க மறுத்துவிட்டு, ஒலிபெருக்கியின் முன் கைகட்டி நிற்பது பகுத்தறிவாகுமா?

மறுநாள் வகுப்புக்குச் சென்றேன். "நேற்று நான் சொன்னது உறுதியற்ற கதை" என்று கூறி, 24-ஐ அழித்து 21 என்று எழுதினேன். காரணத்தையும் விளக்கினேன். அதே மாணவன் மீண்டும் எழுந்தான்.

"ஐயா, அந்த 21-க்குச் சான்று எங்கே இருக்கிறது?"

இம்முறை எனக்கு நாணம் வரவில்லை. ஏட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.