மலையேறிய ஸ்தூபம்

ஜப்பானியக் கல்லறைகளின் பின்புறம் மெல்லிய மரப்பலகைகள் வரிசையாக நிற்பதையும், அவற்றின் தலைப்பகுதி இருமருங்கும் வெட்டப்பட்டு ஐந்து கூறாகப் பிரிந்திருப்பதையும் கண்டு, அவை யாவை என்று வினவும் யாத்திரிகர், ‘சோதோபா’ என்றோ, சுருக்கமாகத் ‘தோபா’ என்றோ விடை பெறுவர். அச்சொல் நமக்கு அந்நியமன்று. புத்தர்பிரானுடைய அஸ்தியின்மேல் எழுப்பிய மேட்டுக்குப் பெயராகி, நம் கோயில் விமானத்தின் உச்சியுறுப்புக்கும் உரியதாகிய ஸ்தூப சப்தமே அது.

சீனர் தம் லிபியில் இதனைப் பொறிக்க விரும்பி, ஓசை ஒன்றையே கருதி மூன்று குறிகளை அடுக்கினர். அவற்றுள் நடுவிலுள்ளது இந்தப் பிறநாட்டுச் சொல்லின்பொருட்டே புதிதாகப் படைக்கப்பட்டது. மூன்றையும் ஜப்பானியர் சேர்த்து வாசித்தது சோதோபா. நடுக்குறி மட்டும் தனித்து நின்று, ‘தோ’ என்று ஓரெழுத்தொருமொழியாகி, அடுக்குக் கோபுரங்களுக்குப் பெயராயிற்று.

பலகையின் ஐந்து கூறுகளுக்கு மூலம் ‘கோரிந்தோ’ என்னும் கற்றூண். அதன் அடியிலுள்ள கனசதுரம் பிருதிவி, அதன்மேல் உருண்டை அப்பு, கூரை போன்றது தேயு, அரைக்கோளம் வாயு, நுனிக்குமிழ் ஆகாயம். அ, வ, ர, ஹ, க என்னும் பீஜாக்ஷரங்கள் சித்தம் என்னும் பழைய இந்திய லிபியில் அவற்றின்மீது இன்றும் எழுதப்படுகின்றன.

இச்சொல் தன் முழுப்பெருமையை எய்திய இடம் கோயா மலை. 804இல் சீனம் சென்று, சாங்கான் நகரில் ஹுய்குவோ என்னும் ஆசாரியரிடம் தீக்ஷை பெற்று, 806இல் மீண்ட கூக்காய் என்னும் துறவி, 816இல் சாகா சக்கரவர்த்தியின் அனுமதி பெற்று அங்கே மடம் அமைத்தார். அடிவாரத்து ஜிசோன்-இன் கோயிலிலிருந்து மேலே செல்லும் பாதையில், ஒரு ‘சோ’ தூரத்துக்கு, அஃதாவது ஏறக்குறைய 109 மீட்டருக்கு ஒன்றாக, மரச் சோதோபாக்களை அவரே நட்டார் என்பது மரபு. மரம் மக்குமாதலால், 1265இல் காகுக்யோ என்னும் துறவி அவற்றைக் கல்லில் நிறுத்தத் தொடங்கி, காமாகுரா அரசின் பிரமுகராகிய அடாச்சி யாசுமோரி முதலியோர் துணையால் 1285இல் நிறைவேற்றினார். மலைமேலுள்ள கோன்போன் தைத்தோ வரை 180 கற்கள். அங்கிருந்து கூக்காய் சமாதி கொண்ட ஓக்குனோ-இன் வரை 36.

வழிகாட்டி நூல்கள் இவற்றை மைல்கற்கள் என்று எழுதிவிடுகின்றன. அது பாதி உண்மையே. முதற்பகுதியின் 180 கற்களும் கர்ப்பதாது மண்டலத்துத் தெய்வங்களைக் குறிப்பன. ஒவ்வொன்றின் முன்னும் கைகூப்பி நடந்தவனுக்குத் தூரத்தை அளப்பதும் அர்ச்சனை புரிவதும் வேறு வேறு செயல்களாக இருந்திரா. எண்கள் 180இலிருந்து இறங்கி, ஒன்றாம் கல் தைத்தோவினருகே நிற்பதையும் நோக்குக. தைத்தோ என்றாலே பெரிய ஸ்தூபம். 1937இல் மீண்டும் எழுந்த அச்செந்நிறக் கோபுரத்தில், இரு கூரைகளுக்கும் இடையே பிதுங்கும் வெண்சுதைக் குவடு பழைய ஸ்தூபத்தின் அண்டத்தின் எச்சமேயாகும்.

கான்அமி இயற்றியதாகக் கூறப்படும் ‘சோதோபா கொமாச்சி’ என்னும் நோ நாடகத்தில், ஒருகாலத்தில் அழகாலும் கவிதையாலும் புகழ்பெற்றிருந்த கொமாச்சி, கிழவியாகிச் சாய்ந்து கிடந்த சோதோபா ஒன்றின்மேல் அமர்கிறாள். கோயாத் துறவியர் கண்டிக்க, அவளோ தர்க்கத்தில் அவர்களை வென்று, அவர்களே தன்னை வணங்கும்படி செய்கிறாள். ஆனால் நாடகத்தில் துறவியரை வென்ற பெண்ணினத்துக்கு மெய்யான மலையில் நெடுங்காலம் மடத்தின் தடை இருந்தது; அரசாங்கம் அதனை 1872இல் நீக்கியது. அத்தடை நின்ற காலத்தில் மலைமேலுள்ள மடத்தின் எல்லைக்குள் அவர்கள் புகலாகாது.

இன்று மலையடியிலிருந்து கேபிள் வண்டி ஐந்தே நிமிஷத்தில் மேலே கொண்டு சேர்த்துவிடும். கற்களின் வழியே நடப்பவருக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரமாகும். ஜப்பான் செல்லும் அன்பர்கள், கால்களில் வலுவிருப்பின், வண்டியை விடுத்து 180ஆம் கல்லிலிருந்தே நடையைத் தொடங்குவார்களாக.