மிடறு செய்த கதை

எழுத்துகளின் பிறப்பைச் சொல்லவந்த தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு கூடி ஒலியாகும் என்று பிறப்பியலில் வகுத்தார். காற்று ஒன்றே; அது கடந்துவரும் வழியே ஒலிகளை வேறாக்குகிறது. இலக்கண வகுப்பில் மனனம் செய்து மறந்துபோன இந்தப் பாகுபாடு, ஒரு மென்பொருளைக் கண்டபோது நம் நினைவுக்கு வந்தது. ஆன்ட்டாரஸ் நிறுவனம் 2000களின் நடுப்பகுதியில் வெளியிட்ட அந்த மென்பொருளின் பெயர் ‘த்ரோட்’, தமிழில் மிடறு. குரல்நாணிலிருந்து உதடு வரையிலான பாதையை அது கணினித்திரையில் படமாகக் காட்டும். அதிலுள்ள ஐந்து புள்ளிகளை இழுத்துப் பாதையை நீட்டலாம், அகட்டலாம், குறுக்கலாம். பாடியவர் வீட்டுக்குப் போய்விட்டிருப்பார். அவர் பதிந்துவிட்டுப் போன குரல் வேறொரு தொண்டையிலிருந்து வருவதுபோல் ஒலிக்கும்.

இம்மென்பொருள் தொல்காப்பியத்தின் வழிவந்ததன்று. இதன் வேர் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இருக்கிறது. உயிரொலிகளின் இயல்பை விளக்கி, அவற்றை எழுப்பும் கருவியைச் செய்துகாட்டுமாறு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. 1779இல் கிராட்சென்ஸ்டைன் வெவ்வேறு வடிவக் குழல்களில் ஆர்மோனிய ரீடு போன்ற நாக்குகளைப் பொருத்தி ஐந்து உயிரொலிகளை எழுப்பினார். அதே காலத்தில் வொல்ஃப்காங் வான் கெம்பலன் நுரையீரலுக்குத் துருத்தியும், குரல்நாணுக்கு அதிர்நாக்கும், வாய்க்குக் கையால் வடிவம் மாற்றத்தக்க குழிவும் அமைத்து, சொற்களையே பேசும் கருவியைச் செய்தார். 1791இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். உள்ளே ஆளை ஒளித்துவைத்த சதுரங்கப் பொம்மையால் உலகப்புகழ் பெற்றவரும் இவரே. பொய்ப்பொறி தந்த புகழை மெய்ப்பொறி தரவில்லை. எனினும் மெய்ப்பொறிக்கே வாரிசுகள் அமைந்தனர். வீட்ஸ்டன் அதை மீண்டும் செய்தார். அவர் செய்ததை 1863இல் கண்டு வியந்த இளைஞர், பின்னாளில் தொலைபேசி தந்த கிரகாம் பெல்.

தோலும் மரமும் செய்ததை 20ஆம் நூற்றாண்டு கணக்கால் செய்தது. சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் ஃபான்ட் 1960இல் வெளியிட்ட நூலில், குரல்நாண் எழுப்பும் ஒலி வேறு, அதை வடிகட்டும் பாதை வேறு என்ற கொள்கையை முழுமையான கோட்பாடாக நிலைநிறுத்தினார். வளர்ந்த ஆணின் பாதை ஏறத்தாழ 17 செ.மீ. நீளமுள்ள குழல், அதன் ஒத்ததிர்வுகளே ‘ஆ’வையும் ‘ஈ’யையும் பிரிக்கின்றன. பெல் ஆய்வகத்தின் கெல்லியும் லாக்பாமும் இப்பாதையைச் சிறு உருளைத் துண்டுகளின் தொடராகக் கொண்டார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒலியின் ஒரு பகுதி முன்செல்லும், ஒரு பகுதி திரும்பும். இவர்களின் முயற்சியால் 1961இல் ஐபிஎம் கணினி ‘டெய்சி பெல்’ என்ற பழைய பாட்டைப் பாடியது. 1968இல் வெளிவந்த குப்ரிக்கின் ‘2001’ திரைப்படத்தில் அணைந்துபோகும் கணினி அப்பாட்டைப் பாடுவது இதன் நினைவாகவே.

இதுவரை எல்லாரும் தொண்டையைச் செய்து குரலை வரவழைத்தார்கள். எதிர்த்திசையில், பதிவான குரலிலிருந்து தொண்டையைக் கணிக்கும் வழியும் பின்னர் திறந்தது. கான்பூரில் பிறந்து பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பிஷ்ணு அட்டலும், ஜப்பானில் இட்டாகுராவும் 1960களின் பிற்பகுதியில் தனித்தனியே வளர்த்த நேரியல் முன்கணிப்பு முறை, ஒலியிலிருந்து பாதையின் பங்கைப் பிரித்தெடுக்கக் கற்றுத்தந்தது. பிரித்தெடுக்க முடிந்தபின் மாற்றியமைப்பது எளிது. ‘த்ரோட்’ செய்வதும் அதுவே: பாடியவரின் பாதையின் பங்கை முதலில் நீக்கிவிட்டு, நாம் வரையும் பாதையினூடே குரலை மறுபடி செலுத்துகிறது.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். வெவ்வேறு வடிவமுள்ள பாதைகள் ஒரே ஒலியைத் தர இயலும் என்பதால், ஒலியிலிருந்து வடிவத்தை ஐயமற மீட்க முடியாது. ஆகவே திரையில் தெரியும் மிடறு பாடியவரின் மிடறன்று. ஒரு மாதிரியுரு மட்டுமே. ஆனால் நாம் அதை இழுக்கும்போது மாறுவது அவருடைய குரல். பிசகிய சுருதியைத் திருத்துவது, அவர் பாட எண்ணியதை எட்ட உதவுவது என்றாவது வாதிடலாம். மிடற்றின் நீளத்தை மாற்றுவதற்கு அந்த வாதம் பொருந்தாது. சுருதி பயிற்சியால் வருவது. மிடறு உடலோடு பிறந்தது. தாயின் குரலை இருட்டிலும் நாம் அறிவது அதனால்தான்.

கெம்பலன் தம் கருவியின் வாயில் கைவைத்துப் பிசைந்தபோது அங்கே வேறு மனிதர் யாருமில்லை. இன்று நாம் கைவைக்கும் குரலுக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கேட்டுக்கொண்டு கைவைப்பதே முறை.