கோடாக்ரோம்

அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தார் 1935ஆம் ஆண்டில் 16 மில்லிமீட்டர் சலனப்படச் சுருளாகவும், மறு ஆண்டில் 35 மில்லிமீட்டர் நிழற்படச் சுருளாகவும் விற்பனைக்குக் கொணர்ந்த வர்ணப் பிலிம். இதனைக் கண்டறிந்த லியோபோல்ட் மேனஸ், இளைய லியோபோல்ட் கொடோவ்ஸ்கி ஆகிய இருவரும் சங்கீத வித்துவான்கள் என்பது ரசாயன சரித்திரத்தில் வியந்து போற்றத்தக்க செய்தியாகும்.

பிற்காலத்து ஏனைய வர்ணப் பிலிம்களில் சாயத்தைத் தோற்றுவிக்கும் பொருள்கள் பூச்சிலேயே கலந்திருக்க, இதிலோ சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைத் தனித்தனியே ஏற்கும் கறுப்பு வெள்ளைப் படலங்கள் மட்டுமே இருந்தமையால், வர்ணம் முழுவதும் கழுவும் திராவகங்களிலிருந்தே வந்து சேரவேண்டியிருந்தது. 1938இல் சீர்திருத்தம் பெற்ற முறைப்படி, முதலில் கறுப்பு வெள்ளை எதிர்ப்படிமத்தைத் துலக்கி, பின்னர் எஞ்சிய வெள்ளியுப்பை ஒவ்வொரு படலமாக மீண்டும் கிளர்த்தி, நீலப்பச்சை, மஞ்சள், செந்நீலம் ஆகிய சாயங்களை ஏற்றி, இறுதியில் வெள்ளி யாவற்றையும் நீக்கினர். இத்துணை நுட்பமான கிரியை வீட்டு இருட்டறையில் எவருக்கும் எளிதில் கைகூடவில்லை.

இருளில் வைத்தால் வர்ணம் நெடுங்காலம் மங்காமையே இதன் தலையாய பெருமை. பெஷாவர் அருகே அகதி முகாமொன்றில் 1984இல் நிழற்படக் கலைஞர் ஸ்டீவ் மக்கரி எடுத்த ஆப்கானியச் சிறுமியின் படம் இப்பிலிமில் பதிந்ததே. உற்பத்தி 2009இல் நின்றது; கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் நகரில் இதனைத் துலக்க எஞ்சியிருந்த கடைசிக் கூடமும் 2010 டிசம்பர் 30க்குப் பின் சுருள்களை ஏற்கவில்லை. துலக்காத சுருள் இன்று கிடைப்பின் கறுப்பு வெள்ளையாகவே துலக்கலாம்; பழைய ஸ்லைடுகளை உடையோர் அவற்றைப் படவீழ்த்தியின் கடும் ஒளியில் நெடுநேரம் நிறுத்தாது பேணுவாராக.