சும்பா பொந்தியானாக்

சும்பா பொந்தியானாக், சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனத்தார் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட மலாய்ப் பேய்ப்படம். ‘பொந்தியானாக்கின் சாபம்’ என்பது தலைப்பின் பொருள். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த ‘பொந்தியானாக்’, ‘டெண்டாம் பொந்தியானாக்’ ஆகிய இரண்டையும் தொடர்ந்து வந்த மூன்றாம் படம் இது. மூன்றிலும் நாயகி மரியா மெனாடோ.

பிரசவத்தில் மாண்டவளே பொந்தியானாக் ஆவாளென்பதும், பிடரியில் ஆணி அடித்தால் அவள் அழகிய பெண்ணாகி இல்லறம் நடத்துவாளென்பதும், ஆணியைப் பிடுங்கிய கணமே பேய்க்கோலம் மீளுமென்பதும் மலாய்க் கம்பங்கள் எனும் சிற்றூர்களின் நெடுநாள் நம்பிக்கை. மலாக்கா மாநிலத்து ரெம்பியா போன்ற ஊர்களில் கம்பத்துக்கு அண்டையிலே ரப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழருக்கு இது அந்நிய சமாசாரமன்று; சூலியாய் இறந்தவளின் ஆவி இறக்காத சுமையோடு அலையுமென அஞ்சி, இரு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கிடத்தி, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்கும் சுமைதாங்கியை அவள் பொருட்டு நாட்டுவது தமிழகத்துப் பழைய வழக்கமன்றோ!

இயக்குநர் பி. என். ராவ் தமிழ்த் திரையுலகில் தேர்ந்தவர். 1939இல் ‘பிரகலாதா’வையும் 1945இல் ‘சாலிவாகன’னையும் இயக்கியவர். தூணைப் பிளந்து நரசிங்கம் அசுரனை வதைக்கும் கதையைப் படமாக்கிய கரமே, மலாய்ப் பேய்களையும் பொருதவிட்டது என்பது தற்செயலாக எமக்குத் தோன்றவில்லை.

முதற்படத்திலே விகார ரூபமுடைய சோமேல் மந்திரத்தால் அழகியாகி மணம் புரிகிறாள்; மனித ரத்தத்தைச் சுவைக்கலாகாது என்ற விலக்கு அவளுக்கு உண்டு. பாம்பு தீண்டிய கணவனின் விஷத்தை வாயால் உறிஞ்சும்போது, அவனைக் காக்கும் அச்செயலே அவளைப் பேயாக்கிவிடுகிறது. அந்தப் பேய்த்தாய் மூன்றாம் படத்தில் தன் மகளைக் காக்கும் பொருட்டுப் பிற பூதங்களோடு மோதுகிறாள். ஹாலிவுட்டின் யூனிவர்சல் நிறுவனம் 1943இலேயே ஃபிராங்கன்ஸ்டீனின் பூதத்தையும் ஓநாய் மனிதனையும் மோதவிட்டதுண்டு; ஆயினும் அங்கே பலப்பரீட்சையாய் முடிவது இங்கே தாய்மையின் போராகிறது. பெரும் பொருட்செலவில்லாத இப்படத்தை இன்றும் காணத் தூண்டுவது இவ்வொன்றே.

முதலிரண்டு படங்களின் பிரதிகள் அழிந்தனவாகக் கருதப்படுகின்றன. ஆகவே மெனாடோவின் பொந்தியானாக்கைக் காண விழைவோருக்கு அம்மூன்றில் எஞ்சியிருப்பது இப்படமே.